கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி: ஆறுகள் கூடும் இடத்திலிருந்து பத்துமலை வரை

கோலாலம்பூருக்கு வெளியூரிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் வந்தால், நம்மில் பலர் அவர்களைக் காரில் ஏற்றிப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்து, பத்துமலையில் ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு, மாலையில் பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடைகளில் பொழுதைக் கழித்துவிட்டு அனுப்பி வைக்கிறோம். அந்த மூன்று இடங்களும் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள ஊர் கார்க் கண்ணாடி வழியாக ஓடி மறைந்துவிடுகிறது. 1857இல் ஈயம் தேடி வந்தவர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் படகை நிறுத்தினார்கள். அங்கே கடைத்தெரு முளைத்தது, பிறகு ரயில் பாதை வந்தது, ரயிலை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்தன. வானளாவும் கட்டடங்கள் கடைசியாக வந்தவை. ஊர் வளர்ந்த அதே வரிசையில் ஊரைப் பார்த்தால், இதைக் கட்டியெழுப்பியதில் நம்மவர் கை எங்கெங்கே இருக்கிறது என்பதும் தானாகவே விளங்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. மூன்று முழு நாள்கள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

இந்த ஊரில் பயணத் திட்டத்தை வகுப்பது மழைதான். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் கலந்தே இருக்கும். ஏப்ரல் மாதத்தை ஒட்டியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடும், ஜூன், ஜூலையில் சற்றுக் குறையும். எந்த மாதமானாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டித் தீர்ப்பது வழக்கம் என்பதால், நடக்க வேண்டிய இடங்களைக் காலை பதினொன்றுக்குள் முடித்துக்கொண்டு, பிற்பகலை அருங்காட்சியகத்துக்கோ அங்காடிக்கோ ஓய்வுக்கோ ஒதுக்கிவிட்டு, மழை விட்ட பிறகு மாலையில் மறுபடியும் இறங்குவதே நல்லது. நண்பகல் வெயிலில் மெர்டேக்கா சதுக்கத்தைக் கடக்க முயன்றவர்கள் மறுநாள் நடக்க வரமாட்டார்கள்.

அடுத்தது டச் அன் கோ அட்டை. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நகர ரயில்கள், மோனோரயில், கே.டி.எம். கொம்யூட்டர் புறநகர் ரயில், ரேபிட் பேருந்து ஆகிய அனைத்திலும் இந்த ஓர் அட்டையைத் தட்டிச் செல்லலாம். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கும் தொல்லை இல்லை. நகர மையத்தில் கோ கே.எல். என்ற பேருந்தும் ஓடுகிறது. ஆனால் நெரிசல் நேரத்தில் நடப்பவர் அதை முந்திவிடுவார். ரயில் போகாத இடங்களுக்கு, வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில், பள்ளிவாசல் இரண்டுக்கும் செல்வதால் முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடையும், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பும் ஏற்றவை. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. இரட்டைக் கோபுரத்தின் மேல்தளங்கள் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். இந்த இரண்டையும் கணக்கில் கொண்டு நாள்களை அடுக்குங்கள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தல்

குடும்பத்தோடு, குறிப்பாகப் பெரியவர்களோடு வருபவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியைத்தான் பரிந்துரைப்பேன். விமான நிலைய ரயிலும், பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டரும், எல்.ஆர்.டி.யும் இங்குள்ள கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சந்திக்கின்றன, மோனோரயிலும் எம்.ஆர்.டி.யும் நடந்தே எட்டும் தொலைவில் உள்ளன. காலையில் எழுந்ததும் பசியாற இட்லி, தோசைக் கடைகள் தெருவுக்கு நான்கு இருக்கும். இரவு வாழ்க்கையும் பெரிய அங்காடிகளும் வேண்டும் என்பவர்கள் புக்கிட் பிந்தாங்கில் தங்கலாம். அறை வாடகை கூடுதல், இரவில் சத்தமும் கூடுதல். நடப்பதில் விருப்பமுள்ள இளையோருக்குப் பசார் செனி நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளில் இயங்கும் சிறு விடுதிகள் பொருந்தும்.

விமான நிலையத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடங்களில் கே.எல். சென்ட்ரலை அடைகிறது. தனியாக வருபவருக்கு இதுவே வேகமான வழி. நால்வராக வந்தால், நான்கு சீட்டுக்கு ஆகும் வெள்ளியில் (ரிங்கிட்) பாதிக்கே வாடகைக் கார் கிடைத்துவிடும்.

முதல் நாள் காலை: ஆறுகள் கூடும் இடமும் பழைய ஊரும்

மஸ்ஜிட் ஜாமேக் எல்.ஆர்.டி. நிலையத்தில் காலை எட்டு மணிக்குள் இறங்குங்கள். ஆற்றங்கரை நடைபாதைக்கு வந்தால், இரண்டு ஆறுகளும் கூடும் முனையில் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் பட்டை பட்டையாகத் தெரியும் ஜாமேக் பள்ளிவாசலைப் பார்க்கலாம். 1909இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். வட இந்திய முகலாயக் கட்டடங்களின் கும்மட்டங்களையும் வளைவுகளையும் அவர் இங்கே கொண்டுவந்தார். 1910இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய கோலாலம்பூர் ரயில் நிலையமும் அவருடைய வேலைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பிற்பாடு அதைக் கடக்கும்போது இரண்டுக்கும் உள்ள சாயல் கண்ணில் படும்.

ஆற்றைக் கடந்தால் 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், அதன் எதிரே மெர்டேக்கா சதுக்கமும் இருக்கின்றன. ஆங்கிலேயர் கிரிக்கெட் விளையாடிய இந்தப் புல்வெளியில்தான் 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் அவர்களுடைய கொடி இறக்கப்பட்டது. மறுநாள் காலை முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தது இங்கே அன்று, சற்றுத் தள்ளியுள்ள மெர்டேக்கா அரங்கத்தில். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இங்கிருந்து நிலையத்தின் பக்கம் திரும்பி லெபோ அம்பாங் தெருவுக்கு வாருங்கள். சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் தாண்டிவிடும் இந்தத் தெருவில் நான் அரை மணி நேரமாவது நிற்கச் சொல்வேன். செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார் வட்டிக்கடை நடத்திய தெரு இது. கிட்டங்கி என்னும் பொதுக் கூடம் ஒன்றுக்குள் பல முகவர்கள் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து கணக்கெழுதினார்கள். வங்கிகள் எளிய மனிதருக்குக் கதவைத் திறக்காத காலத்தில் கடைக்காரரும் சுரங்கக்காரரும் சிறு ரப்பர் தோட்டக்காரரும் கடனுக்கு வந்து நின்றது இந்தத் திண்ணைகளில்தான். கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நடந்தால் கீழ்த்தளத்துக் கடைப் பலகைகள்தாம் தெரியும். எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்தளத்தின் முகப்பில் மயில் உருவங்களும், பூ வரைந்த பீங்கான் ஓடுகளும் இன்னும் எஞ்சியிருக்கின்றன. பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டி ஒன்று அவற்றின் மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தால் வியப்படைய வேண்டாம். பாதுகாப்பு இந்த அளவில்தான் இருக்கிறது.

தெருவின் கோடியிலிருந்து மேடான் பசார் வழியாக, 1937இல் நாட்டப்பட்ட மணிக்கூண்டைத் தாண்டி, லெபோ பூடுவுக்கு அருகில் கட்டடங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின் சே சி யா ஆலயத்துக்குச் செல்லலாம். ஊரைப் போரிலிருந்தும் தீயிலிருந்தும் மீட்டுக் கட்டிய சீனத் தலைவர் யாப் ஆ லோய் நிறுவிய ஆலயம் இது. அருகிலேயே நீல வண்ணப் பசார் செனி. ஒரு காலத்தில் மீனும் காய்கறியும் விற்ற ஈரச்சந்தை; இப்போதைய கட்டடம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1980களில் கைவினைப் பொருள் அங்காடியாக மாற்றப்பட்டது. பாத்திக் துணியும் ஈயக் கலைப்பொருளும் வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு கடை தள்ளி மீண்டும் கேட்பது நல்லது.

அடுத்து ஜாலான் துன் எச்.எஸ்.லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873இல் அன்றைய தமிழர் தலைவர் தம்புசாமிப் பிள்ளை தோற்றுவித்தது. ஏறக்குறைய 23 மீட்டர் உயரமுள்ள ஐந்து நிலை இராஜகோபுரம் தெருவின் குறுகலில் சட்டென்று எதிரே வந்து நிற்கும். காலணிகளை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். நடுப்பகலில் நடை சாத்தப்படுவதால் பதினொன்றுக்குள் வந்துவிடுவது உகந்தது. வாசலை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகையும் சாமந்தியும் கட்டுபவர்கள் பக்தரிடம் தமிழிலும், அடுத்து வரும் சீனரிடம் மலாயிலும், படம் எடுக்கும் வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்திலும் பேசியபடியே, கையில் உள்ள நாரை நிறுத்தாமல் கட்டிக்கொண்டிருப்பார்கள். பத்துமலையும் பூடு வட்டாரத்திலுள்ள கோர்ட்டுமலைப் பிள்ளையார் ஆலயமும் இதே தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ளவை. தைப்பூசத்தை ஒட்டி, வெள்ளி ரதம் இரவில் இந்த வாசலிலிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அந்த நாள்களில் வருபவர்கள் மற்ற திட்டங்களையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு ரதத்தின் பின்னால் சிறிது தூரமாவது நடக்க வேண்டும்.

ஆலயத்துக்கு ஏறக்குறைய எதிரிலேயே சிவப்பு முகப்புடன் குவான் டி சீன ஆலயம் இருக்கிறது. அடுத்த தெருவான பெட்டாலிங் ஸ்திரீட்டில் விற்கப்படும் கைக்கடிகாரங்களும் கைப்பைகளும் பெரும்பாலும் போலி என்பதால் அவற்றைக் கடந்து, பக்கத்துச் சந்துகளில் உள்ள பழைய காப்பிக் கடைகளில் அமர்வதே மேல். தெருவின் தெற்கு முனையில் தலையை உயர்த்தினால் 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரம் தெரியும். உலகின் இரண்டாவது உயரமான கட்டடமான அது, சுதந்திரம் பிரகடனப்படுத்தப்பட்ட அதே அரங்கத்தின் பக்கத்தில் எழுந்துள்ளது.

முதல் நாள் மாலை: மஸ்ஜிட் இந்தியா

மழை விட்டதும் மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்துக்கே திரும்பி, ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நுழையுங்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பள்ளிவாசலால் தெருவுக்குப் பெயர் அமைந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரை இங்கே தமிழில் நிகழ்வது தலைநகரில் இதன் தனிச்சிறப்பு. துணி, நகை, அத்தர், மூலிகை எண்ணெய் எனக் கடைகள் நெருக்கமாக நிற்கும். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இந்தத் தெருவில் நடக்கவே முடியாது. அப்படி ஒரு வாரத்தில் வாய்த்தால் அதுவே பார்க்க வேண்டிய காட்சி. சனிக்கிழமையானால் அருகிலுள்ள லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடும்; இரவு உணவை அங்காடிக் கடைகளிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை: பத்துமலையும் செந்தூலும்

கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு நேரடிக் கொம்யூட்டர் ரயில் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விட்டு ஓடுவதால் முதல் நாளே நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள். நிலைய வாசலில் இறங்கினாலே திருத்தலம்.

தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் குகையில் முருகனின் வேல் நிறுவப்பட்டு, 1892 முதல் இங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல் திறக்கப்பட்டது. படிகள் 272. 2018இல் அவற்றுக்கு வானவில் வண்ணம் பூசியபோது எதிர்ப்பும் எழுந்தது. இன்று உலகெங்கும் பரவும் படங்களில் இருப்பது அந்த வண்ணம்தான். படிகள் குறுகியவை, செங்குத்தானவை. இறங்கும்போதுதான் முழங்கால் வலி தெரியும். நடுநடுவே உள்ள சமதளங்களில் நின்று மூச்சு வாங்கிச் சென்றால் அறுபது வயதைத் தாண்டியவர்களும் ஏறிவிடுகிறார்கள். குரங்குகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கையில் தொங்கும் நெகிழிப்பை எதுவாக இருந்தாலும் உள்ளே உணவு இருக்கிறது என்றே அவை முடிவு செய்யும். அர்ச்சனைத் தட்டைக் கீழேயே வாங்கி வந்தால் தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். கைப்பேசியையும் மூக்குக்கண்ணாடியையும் பத்திரப்படுத்துங்கள். முழங்கால் தெரியும் உடையில் வரும் பெண்களுக்கு அடிவாரத்தில் துணி வாடகைக்குக் கிடைக்கும்.

மேலே போனதும் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், இன்னும் சில படிகள் ஏறி உட்குகையின் கூரை திறந்திருக்கும் இடம் வரை செல்லுங்கள். சுண்ணாம்புப் பாறையின் வாய் வழியே காலை வெளிச்சம் கீழே இறங்குவதையும், பாறை விளிம்பில் மரங்கள் தொங்குவதையும் அங்கே காணலாம். மலைக்கோயிலுக்குக் கட்டணம் இல்லை. நிலையத்தின் பக்கமுள்ள இராமாயணக் குகைக்கு உண்டு. சிறுவர்கள் உடன் வந்திருந்தால் அங்கே உறங்கும் கும்பகர்ணன் சிலைக்காகவே சீட்டு வாங்கலாம். அடிவாரச் சைவ உணவகங்களில் பசியாறிவிட்டு, ஒன்பதரைக்குப் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கும்போது நீங்கள் புறப்பட்டுவிடலாம்.

திரும்பும் வழியில் செந்தூல் நிலையத்தில் இறங்குவது எல்லாருக்கும் உரியது அன்று. நகரத்தின் உழைப்பாளர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். இரயில்வேயின் பெரிய பணிமனை இங்கேதான் இருந்தது. அதில் பணியாற்றிய தமிழர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்தில் வாழ்ந்து, கோயில்களையும் தேவாலயங்களையும் பந்து விளையாட்டுக் குழுக்களையும் உருவாக்கின. செந்தூல் மேற்கில் பழைய இரயில்வேக் கட்டடம் ஒன்று 2005 முதல் கே.எல்.பேக் என்னும் நாடக அரங்கமாக இயங்குகிறது. பழைய குடியிருப்புகளின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பார்க்க வேண்டியதை விரைவில் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் பிற்பகல் முதல் இரவு வரை: பிரிக்பீல்ட்ஸ்

1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டும் வழக்கத்தை மாற்றிச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் கட்டளையிட்டார். அந்தச் செங்கல் சுடப்பட்ட சூளைகள் இருந்த இடம் இது. 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு இரயில்வே இங்கே வேரூன்றியது. தண்டவாளம் போடத் தமிழகத்திலிருந்தும், எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கேயே குடியேறினார்கள். ஸ்காட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோவில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பியது. நல்லூர்க் கோயிலின் சாயலை ஈழத்திலிருந்து வருபவர்கள் பார்த்தவுடனே அறிந்துகொள்வார்கள். சற்றுத் தள்ளி, சிங்கள பௌத்தர்கள் 1894இல் அமைத்த மகா விகாரை. துன் சம்பந்தன் சாலையில் 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம். அதை ஒட்டி அடுக்குமாடி கட்டும் திட்டம் எழுந்தபோது பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள், 2016இல் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் நீளமாகப் பதிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை இந்தத் தெருக்களில் அடிக்கடி காணலாம். அவர்களுக்கான பாதை அது. அதன் மேல் நின்று படம் எடுக்க வேண்டாம், பயணப்பெட்டியையும் வைக்க வேண்டாம். பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் இங்கே உள்ளன. பத்துமலைப் படிகளுக்குப் பிறகு அங்கே அரை மணி நேரம் படுத்து எழுந்தால் கால் நன்றி சொல்லும்.

மதிய உணவு வாழையிலையில்தான். சோறு, மூன்று கூட்டு பொரியல், அப்பளம், மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். கறியை வாளியோடு கொண்டு வந்து கோழியா, மீனா, பருப்பா என்று கேட்பார்கள். இலையில் வருவது மறுபடியும் கேட்டால் வரும். தனித் தட்டில் வரும் இறைச்சிக்கும் மீனுக்கும் தனிக் கணக்கு. விலையை முன்பே கேட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம், மீன் தலைக்கறிக்கு அவசியம் கேளுங்கள். இரவில் வளைவு விளக்குகளும் யானைகள் சூழ்ந்த நீரூற்றும் ஒளிரும்போது தெரு இன்னொரு முகம் காட்டும். தமிழகத்திலிருந்து வருபவர்கள் இங்கே சேலை வாங்குவதில் பொருளில்லை, அங்கே மலிவு. பலகாரமும் மசாலைத் தூளும் வாங்கலாம்.

மூன்றாம் நாள்: பூங்கா, கிராமம், கோபுரம்

காலையில் எம்.ஆர்.டி.யின் முசியம் நெகாரா நிலையத்தில் இறங்கி, 1963இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரத்தோடு தொடர்புபடுத்தப்படும், கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய பகுதியில் நம்மவர்கள் நின்று படிக்க விஷயம் உண்டு. பெர்டானா தாவரப் பூங்கா, பறவைப் பூங்கா, 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஆகியவை இதைச் சுற்றியே உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை நேரத்துக்கும் அது பொருந்தும்.

மாலை ஐந்து மணியளவில் கம்போங் பாரு எல்.ஆர்.டி. நிலையம். 1900ஆம் ஆண்டு வாக்கில் மலாய்க்காரர்களுக்கான விவசாயக் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட இந்த இடத்தில், தூண்மேல் நிற்கும் மரவீடுகளும் வாசலில் வாழையும் ரம்புத்தானும் இன்னும் உள்ளன. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட இதைவிட நல்ல இடம் தலைநகரில் இல்லை என்பது என் கணிப்பு. இருட்டத் தொடங்கும்போது 2020இல் திறக்கப்பட்ட சலோமா பாலத்துக்கு வாருங்கள். மலாய்த் திருமணங்களில் வைக்கும் வெற்றிலை அடுக்கை ஒத்த அதன் வளைவுகள் நிறம் மாறி ஒளிர, எதிரே இரட்டைக் கோபுரம் நிற்கும். பாலத்தைக் கடந்து ஜாலான் அம்பாங் பக்கம் இறங்கினால் சில நிமிட நடையில் அந்தக் கோபுரங்கள் நிற்கும் கே.எல்.சி.சி. வளாகம்.

சீசர் பெல்லி வடிவமைத்த இந்த 88 மாடிக் கோபுரங்கள் 451.9 மீட்டர் உயரம் கொண்டவை; 2004 வரை உலகில் இவையே உயரமானவை. 41, 42ஆம் தளங்களை இணைக்கும் பாலத்துக்கும் 86ஆம் தளத்துக்கும் செல்ல விரும்பினால் இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிட வேண்டும். மேலே ஏறினால் கோபுரத்தைப் பார்க்க முடியாது என்பதால், கட்டணத்தை மிச்சப்படுத்திக் கீழே பூங்காவின் ஏரிக்கரையில் அமர்ந்து நீரூற்றையும் கோபுரத்தையும் ஒருசேரப் பார்ப்பதையே நான் விரும்புவேன். பசித்தால் புக்கிட் பிந்தாங்கின் ஜாலான் அலோர் உணவுத் தெரு பக்கம்தான். பார்வைக்குச் சிறப்பு, விலையோ சுற்றுலாப் பயணி விலை.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

விமானம் மாறும் இடைவெளியில் வருபவர்கள் பெட்டிகளைக் கே.எல். சென்ட்ரலில் உள்ள பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, முதல் கொம்யூட்டரில் பத்துமலைக்குச் சென்று திரும்பி, மதியம் பிரிக்பீல்ட்ஸில் உண்டு, பிற்பகலில் மஸ்ஜிட் ஜாமேக்கிலிருந்து லெபோ அம்பாங் வழியாக மாரியம்மன் ஆலயம் வரை நடக்கலாம். மாலையில் நடை மீண்டும் திறந்திருக்கும். ஆலயத்திலிருந்து பசார் செனி நிலையம் நடை தூரம், அங்கிருந்து கே.எல். சென்ட்ரல் ஒரே நிறுத்தம். விமானம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்னதாக நகரத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அன்று மாலை மழை பெய்தால் சாலை வழியை நம்பாமல் ரயிலிலேயே செல்லுங்கள்.